ரீடிங் மீட்டரில்தான் இருக்கிறது: சிம் போட்ட மோடத்தை ஓட்டும் வேலை

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வருகிறார், மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார். அந்த ஓர் எண் வீட்டுக்குப் போதும், நூற்பாலைக்குப் போதாது. உயர் அழுத்த இணைப்பில் மொத்தம் எத்தனை யூனிட் என்பதோடு வேலை முடிவதில்லை. எந்த நேரத்தில் எடுத்த யூனிட், அந்த மாதத்தில் அதிகபட்சமாக எத்தனை கே.வி.ஏ. (ஒரே நேரத்தில் இழுக்கும் சுமையின் அளவு) இழுத்தார்கள், பவர் ஃபேக்டர் (இழுத்ததில் எவ்வளவு பயனுள்ள வேலையானது என்ற விகிதம்) எப்படி இருந்தது என்பதெல்லாம் பில்லில் வந்து நிற்கும். காலை, மாலை உச்ச நேரத்து மின்சாரத்துக்கு விலை அதிகம், இரவில் சலுகை உண்டு. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றாலை மீட்டர்களிலும் எந்த நேரத்தில் எவ்வளவு உற்பத்தி ஆனது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஓப்பன் அக்சஸில், அதாவது மின்வாரியத்தை விட்டு வேறு உற்பத்தியாளரிடம், மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு நாள் என்பது 15 நிமிடத் துண்டுகளாக 96.

இத்தனையையும் பேனாவால் எழுதி எடுக்க முடியாது. அதனால்தான் சி.எம்.ஆர்.ஐ. என்ற கைக்கருவி வந்தது. மீட்டர் முகப்பில் உள்ள ஆப்டிக்கல் போர்ட்டில் காந்தத் தலை கொண்ட கேபிளை ஒட்டவைத்து, எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்து கணினியில் ஏற்றுவார்கள். அதற்கும் ஓர் ஆள் நேரில் போக வேண்டும். 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. திட்டத்தில், உயர் அழுத்த நுகர்வோர், ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை), டிரான்ஸ்பார்மர் மீட்டர்களைத் தொலைவிலிருந்தே படிப்பது ஒரு முக்கியப் பகுதி ஆனது. அப்போது நாடு முழுக்க மீட்டர் பெட்டிகளுக்குள் நுழைந்ததுதான் சிம் போட்ட மோடம். மீட்டரின் சீரியல் போர்ட்டில் (தகவல் ஒயரைச் செருகும் இடம்) ஒரு முனை, செல்போன் டவரில் மறுமுனை. 2021இல் தொடங்கிய ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தபிறகு, மோடம் பல மீட்டர்களின் உள்ளேயே ஒரு சில்லாகப் போய் உட்கார்ந்துவிட்டது. உருவம் மாறினாலும் ஓட்டுகிற வேலையும் அதன் தொல்லைகளும் பெரிதாக மாறவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மோடம் எதையும் அளப்பதில்லை, கணக்குப் போடுவதில்லை, சேமித்துவைப்பதும் பெரும்பாலும் இல்லை. அளப்பதும் சேமிப்பதும் மீட்டரின் வேலை. அரை மணிக்கு ஒருமுறை (அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை) ஓடிய யூனிட், வோல்டேஜ், கரண்ட் எல்லாவற்றையும் லோடு புரொஃபைல் என்ற பதிவில் மீட்டர் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல், பல மீட்டர்களில் 60 நாள் வரை அது அழியாது. மாதக் கடைசியில் நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய நிலையைத் தனியாக ஒரு பில்லிங் பதிவாக எடுத்துவைக்கும். மின்சாரம் போனது, மூடியைத் திறந்தது, காந்தம் வைத்தது எல்லாம் நிகழ்வுப் பட்டியலில் தேதி, நேரத்தோடு இருக்கும்.

ஆகவே இன்று இரவு மோடம் பதில் சொல்லவில்லை என்றால் ரீடிங் தொலைந்துபோகவில்லை. நாளைக்குக் கேட்டாலும் அதே எண்கள்தான் வரும். இதை மறந்துவிட்டுத்தான் பல அலுவலகங்கள் காலையில் 'இத்தனை மோடம் வரவில்லை' என்ற பட்டியலைப் பார்த்ததும் வண்டியை எடுக்கச் சொல்கின்றன. 60 கிலோமீட்டர் போய், பெட்டியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகிவிட்டு வருவதற்குப் பெயர் பராமரிப்பு என்றாகிவிட்டது. போகும் முன் எது வரவில்லை, எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் பாதி வேலை மேசையிலேயே முடியும்.

படிகள் என்ன? மோடத்துக்கு மின்சாரம் வர வேண்டும். சிம்மைப் படிக்க வேண்டும். டவரில் பதிவாக வேண்டும். ஏ.பி.என். (செல் நிறுவனத்தின் டேட்டா நுழைவாயிலின் பெயர்) சொல்லி டேட்டா இணைப்பைத் திறந்து ஓர் ஐ.பி. முகவரி வாங்க வேண்டும். ரீடிங்கைச் சேகரிக்கும் தலைமைச் சர்வரோடு டி.சி.பி. (இணையத்தில் தகவலை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் முறை) இணைப்பு உண்டாக வேண்டும். அதற்கப்புறம்தான் மீட்டரோடு பேச்சே தொடங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் தனித் தனி நோய் உண்டு.

மின்சாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் ஏமாற்றுவதில் இதுதான் முதலிடம். 2ஜி மோடம் தொடர்ந்து பேசுவதில்லை. 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை, அரை மில்லி நொடியைச் சற்றுத் தாண்டிய நேரத்துக்கு மட்டும் வெடிப்பாக அனுப்புகிறது. அந்தக் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சராசரியை மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், அந்தக் கணத்து இறக்கம் அதில் தெரியவே தெரியாது. மெல்லிய ஒயர், மலிவான அடாப்டர், தளர்ந்த ஸ்குரூ, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வோல்டேஜ் சட்டென்று விழுந்து மோடம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். டவர் தூரமாக இருந்தால் மோடம் முழுச் சக்தியோடு, 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை, கத்த வேண்டியிருக்கும். அப்போதுதான் வோல்டேஜ் விழும். ஆக, சிக்னல் குறைந்த இடத்தில் மட்டும் மோடம் விழுந்து எழுகிறது என்றால் நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை. பழுது பவர் சப்ளையில் இருக்கலாம்.

அடுத்து ஆன்டெனா. மீட்டர் இருப்பது இரும்புப் பெட்டிக்குள், அந்தப் பெட்டி இருப்பது கான்கிரீட் அறைக்குள், சில சமயம் நிலத்தடியில். பெட்டிக்குள்ளேயே ஆன்டெனாவை ஒட்டிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் முடிந்தது கதை. வேடிக்கை என்னவென்றால், நிறுவுகிறவர் சோதனை செய்யும்போது கதவு திறந்திருக்கும், எல்லாம் வேலை செய்யும். சீல் வைத்து மூடியபிறகு செத்துவிடும். மூடிய கதவோடு சோதிப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கேபிளை நீட்டி ஆன்டெனாவை வெளியே வைத்துவிடலாமே என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மோடத்தோடு வரும் மெல்லிய ஆர்.ஜி. 174 வகைக் கேபிள், 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்றுவிடும். 3 டெசிபல் போனால் சக்தியில் பாதி போயிற்று. 10 மீட்டர் நீட்டினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெளியே போய்க் கிடைத்த லாபத்தைக் கேபிளே விழுங்கிவிடும். நீளம் வேண்டும் என்றால் தடித்த, இழப்புக் குறைந்த கேபிள் வாங்க வேண்டும், இல்லையென்றால் மோடத்தையே வெளியே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்கு நகர்த்திவிட்டு அங்கிருந்து மீட்டர் வரை சீரியல் ஒயரை இழுக்க வேண்டும். இரண்டாவது வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடும் ஆர்.எஸ். 232 என்ற சீரியல் வகை ஒயர் சில மீட்டர் நீண்டால் எதுவும் குறைந்துவிடாது. இன்னும் தூரம் என்றால் ஆர்.எஸ். 485 என்ற நீண்ட தூரத்து வகை இருக்கிறது.

சிக்னலை அளக்க மோடத்திடமே கேட்கலாம். லேப்டாப்பில் ஒரு டெர்மினல் திறந்து சி.எஸ்.கியூ. கட்டளையை அனுப்பினால் 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டி.பி.எம். (சிக்னல் வலிமையின் அளவு) கணக்கு. 10 என்று வந்தால் மைனஸ் 93. இரட்டை இலக்கத்துக்குக் கீழே போனால் இணைப்பு வரும், போகும். 99 வந்தால் அளக்கவே முடியவில்லை என்று பொருள். 4ஜியில் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, டவர் சிக்னலின் வலிமையைச் சொல்லும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற அளவைத் தனியாகக் கேட்க வேண்டும். அது மைனஸ் 110க்குக் கீழே இறங்கினால் தடுமாற்றம் ஆரம்பமாகும்.

இன்னொரு கட்டளை சி.ரெக். டவரில் பதிவாகிவிட்டதா என்று அது சொல்லும். 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங், 2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் மறுக்கப்பட்டது. இந்த 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். 2 என்றால் ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். 3 என்றால் டவர் நன்றாகவே கேட்கிறது, சிம்மைத்தான் ஏற்க மறுக்கிறது. திட்டம் காலாவதியாகியிருக்கும், அல்லது சிம் முடக்கப்பட்டிருக்கும். அங்கே ஏணி போட்டு ஆன்டெனாவை நகர்த்துவதில் அர்த்தமில்லை, செல் நிறுவனத்துக்குத்தான் போன் போட வேண்டும்.

யார் யாரை அழைப்பது என்பது அடுத்த கேள்வி. பழைய ஏற்பாட்டில் மோடம் ஒரு நிலையான ஐ.பி. முகவரியோடு காத்திருக்கும், சர்வர் வேண்டும்போது கூப்பிடும். இன்று பெரும்பாலும் மோடமே சர்வரைத் தேடிப்போய் இணைந்துகொண்டு காத்திருக்கிறது. இதில் ஒரு வசதி, ஒரு சிக்கல். நிலையான முகவரி தேவையில்லை என்பது வசதி. சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நேரம் எதுவும் ஓடாத இணைப்பைச் செல் நிறுவனத்தின் கருவிகள் சத்தமில்லாமல் துண்டித்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் தகவல் வராது. இணைப்பு இருக்கிறது என்று மோடம் நம்பிக்கொண்டிருக்கும், சர்வர் அனுப்புவதோ எங்கும் போய்ச் சேராது. விளக்கு பச்சையாக எரியும், ரீடிங் வராது. இதற்குத்தான் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தியை மோடம் அனுப்ப வேண்டும், பதில் வரவில்லை என்றால் தானே முறித்துக்கொண்டு மீண்டும் இணைய வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் ஒரு வாட்ச்டாக் டைமர் (கருவி உறைந்துபோனால் தானே மறுதொடக்கம் செய்யவைக்கும் காவல் கடிகாரம்) மோடத்தை முழுதாக அணைத்துப் போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிச் செருகப் போன அந்த 60 கிலோமீட்டர் பயணம் உண்மையில் இந்த டைமரின் வேலை.

இணைப்பு வந்துவிட்டது, இனி மீட்டரோடு பேச்சு. இந்தியாவில் மீட்டர்கள் பேசும் மொழி டி.எல்.எம்.எஸ். அதை இங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று 2011இல் வந்த ஐ.எஸ். 15959 தரநிலை சொல்கிறது. அதற்குமுன் ஒவ்வொரு கம்பெனி மீட்டரும் தன் சொந்த மொழியில் பேசியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது. இப்போது எந்தக் கம்பெனி மீட்டரானாலும் மொத்த யூனிட்டுக்கு ஒரே குறியீடு, லோடு புரொஃபைலுக்கு ஒரே குறியீடு. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்தப் பழைய காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே பலர் வேகத்தைப் பற்றித் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். '4ஜி போட்டோமே, ஏன் ஒரு மீட்டரைப் படிக்க இவ்வளவு நேரம்?' என்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அரை மணிக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 48 வரி, 60 நாளுக்கு 2,880 வரி. ஒரு வரிக்குச் சுமார் 60 பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,72,800 பைட். போனில் எடுக்கும் ஒரு சிறு படத்தின் அளவுகூட இல்லை. ஆனால் சீரியல் போர்ட் வழியே பேசும் மீட்டர், வழக்கமான அமைப்பில், ஒரு தடவைக்கு 128 பைட் சட்டகம் (ஒரே மூச்சில் அனுப்பும் தகவல் துண்டு) ஒன்றைத்தான் தரும். அது வந்து சேர்ந்தது, அடுத்ததைக் கொடு என்று சர்வர் பதில் அனுப்பிய பிறகே அடுத்தது புறப்படும். சட்டகத்தின் தலை வால் போக 110 பைட் தேறினால், 1,571 தடவை போய் வர வேண்டும். 2ஜியில் ஒரு தடவை போய் வர முக்கால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஆகும். 0.7 நொடி என்று வைத்தாலே 18 நிமிடம்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான் இது. வாளி சின்னது, நேரமெல்லாம் கயிறு ஏறி இறங்குவதில் போகிறது. ராட்டினத்தை வேகமாகச் சுற்றினாலும் ஓரளவுக்குத்தான் பலன், பெரிய வாளி கட்டினால் உடனே தெரியும். மீட்டர் ஒப்புக்கொண்டால் சட்டகத்தின் அளவைப் பேசிக் கூட்டிக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி, எல்லாவற்றையும் கேட்காமல் இருப்பது. டி.எல்.எம்.எஸ்ஸில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று கேட்கும் வசதி உண்டு. நேற்றைய 48 வரி மட்டும் போதும் என்றால் 27 சட்டகம், 20 நொடிக்குள் வேலை முடியும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். ஒவ்வொரு முறையும் 60 நாளையும் இழுத்து, 17ஆவது நிமிடத்தில் அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் மென்பொருள்கள் இன்னமும் இருக்கின்றன. டேட்டாவும் வீண், அந்த மோடத்தை மற்ற வேலைக்குப் பயன்படுத்தவும் முடியாது.

சட்டகம் சம்பந்தமாக இன்னொன்று. டி.சி.பி. பைட்டுகளைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும், எங்கே ஒரு சட்டகம் தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. மீட்டர் ஒரே மூச்சில் அனுப்பிய சட்டகம் சர்வருக்கு இரண்டு துண்டாக வந்து சேரலாம். முதல் துண்டையே முழுச் சட்டகம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள், செக்சம் (சரிபார்ப்பு எண்) தவறு என்று தூக்கிப் போட்டுவிடும். பதிவேட்டில் 'மீட்டர் பழுது' என்று விழும். மேசையில் ஒயர் போட்டுச் சோதித்தால் ஒருமுறைகூட வராத பிழை இது, செல் நெட்வொர்க்கில்தான் வரும். நல்ல மீட்டரைக் கழற்றி லேபுக்கு அனுப்பும் முன் இதைச் சந்தேகிப்பது நல்லது.

பிறகு நள்ளிரவு. ஒன்றாம் தேதி 12 மணிக்கு எல்லா மீட்டரும் பில்லிங் பதிவை எழுதும். எல்லா மோடத்தையும் 12 மணி 1 நிமிடத்துக்கு அனுப்பச் சொன்னால் டவரும் திணறும், சர்வரும் திணறும். பெரிய மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் அந்தப் பகுதி மோடங்கள் எல்லாம் ஒரே நொடியில் பதிவுக்கு முண்டியடிப்பதும் இதே மாதிரிதான். ஒவ்வொரு மோடமும் தன் இஷ்டத்துக்கு ஒரு தற்செயல் இடைவெளி விட்டுக் கிளம்பும்படி அமைக்க வேண்டும். நள்ளிரவு எண் மீட்டருக்குள் பத்திரமாக இருக்கும்போது, அதை மூன்று மணிக்கு வாங்கினால் என்ன?

வீட்டு இணைப்புக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. இன்று ரீடிங் சில நாள் தள்ளி எடுக்கப்பட்டால், அந்த அதிகப்படி நாள்களின் யூனிட்டும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிடலாம். தாண்டினால் கீழ்ப் படியில் இருந்த யூனிட்டுகளின் விலையும் கூடிவிடுகிறது. நியாயமான கோபம்தான் இது. குறித்த நாளின் நள்ளிரவு நிலையை மீட்டரே எழுதிவைத்தால், எடுத்துவர எத்தனை நாள் ஆனாலும் பில் மாறாது.

ஆனால் அந்த நள்ளிரவு உண்மையான நள்ளிரவாக இருக்க வேண்டும். மீட்டரின் கடிகாரம் மெதுவாக விலகிக்கொண்டே போகும். உச்ச நேரம் தொடங்குகையில் மோட்டார்களை நிறுத்திவிடும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கடிகாரம் 5 நிமிடம் முந்தி ஓடுகிறது, ஆலை 2,000 கிலோவாட் இழுக்கிறது. ஆலை தன் கடிகாரப்படி சரியாக நிறுத்தினாலும் அந்த 5 நிமிடத்தின் 167 யூனிட், நாள்தோறும், உச்ச நேரக் கணக்கில் விழும். தொலைவிலிருந்தே கடிகாரத்தைத் திருத்தலாம். ஆனால் திருத்துவதற்குப் படிக்கும் அனுமதி போதாது, தனி அனுமதி வேண்டும், ஒவ்வொரு திருத்தமும் மீட்டரின் நிகழ்வுப் பட்டியலில் பதிவாகும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் மீட்டர் நேரத்தையும் சர்வர் நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிவைத்தால், எது எப்போது திருத்த வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அனுமதி என்று சொன்னதால் பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். மீட்டரைப் படிப்பதற்கான சாதாரண நிலையில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலேயே போகிறது. ஒயரில் பரவாயில்லை, பொது இணையத்தில் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பொது ஐ.பி. கொடுத்துத் திறந்துவைத்த மோடத்தை உலகெங்கும் உள்ள தானியங்கி ஸ்கேனர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வராவிட்டாலும் டேட்டா தீர்ந்துபோகும், சீரியல் போர்ட் யாரோ ஒருவருக்காகப் பிடிபட்டுக் கிடக்கும். செல் நிறுவனத்திடம் தனி ஏ.பி.என். வாங்கி, அங்கிருந்து அலுவலகம் வரை வி.பி.என். (மறைக்கப்பட்ட தனிப் பாதை) போடுவது ஆடம்பரம் இல்லை, அடிப்படை. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் ரிலே உள்ள ஸ்மார்ட் மீட்டர்களில் இது இன்னும் கண்டிப்பாகத் தேவை. அங்கே ஏ.இ.எஸ். 128 மறையாக்கம் மீட்டரிலேயே இருக்கிறது. அதன் சாவிகளை எல்லா மீட்டருக்கும் ஒன்றாக வைத்துவிட்டால் இருந்தும் இல்லாததுதான்.

சிம் விஷயத்தில் 2018 முதல் ஒரு மாற்றம். இயந்திரங்களுக்கான சிம்களுக்கு 13 இலக்க எண் கொடுக்கிறார்கள், சாதாரண போன் எண்களிலிருந்து பிரித்துவிட்டார்கள். பெட்டியை உடைத்துச் சிம்மை எடுத்துப் போனில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள இடங்களில், சிம்மை அந்த மோடத்தின் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு கட்டிவைப்பது நல்லது. ஆனால் மோடத்தை மாற்றும்போது அந்தப் பிணைப்பையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் ஒரு பெட்டி மோடத்தை இன்னொரு பெட்டியில் போட்டுவிட்டு, பதிவேட்டைத் திருத்த மறந்துவிட்டால், ஓர் ஆலையின் ரீடிங் இன்னோர் ஆலையின் பில்லில் போய் விழும். மீட்டரின் சீரியல் எண்ணை டி.எல்.எம்.எஸ்ஸிலேயே கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு அழைப்பிலும் அதை முதலில் கேட்டு, பதிவேட்டோடு பொருந்தினால் மட்டுமே மேலே போகும்படி மென்பொருளை அமைக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி, ஒரு நொடி, அவ்வளவுதான்.

கடைசியாக, ஆயுள். மீட்டர் பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும், செல் நெட்வொர்க்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 இறுதியில் 2ஜியை மூடியது, அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. 2017 தொடக்கத்தில் மூடியது, 2022இல் 3ஜியையும் மூடிவிட்டது. பிரிட்டன் 2033க்குள் 2ஜி, 3ஜி இரண்டையும் முடிக்க முடிவெடுத்து, பழைய நெட்வொர்க்கை நம்பிய ஸ்மார்ட் மீட்டர் தொடர்புக் கருவிகளை 4ஜிக்கு மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறது. இந்தியாவில் வரிசை வேறு மாதிரி. ஏர்டெல் 2020இல் 3ஜியை நிறுத்திவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. ஜியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது. எனவே 2ஜி மோடம் வைத்திருப்பவருக்கு நிறுவனத் தேர்வு ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

இன்று வாங்குகிறவர் 4ஜியும் 2ஜியும் சேர்ந்த மோடத்தை வாங்குவதே சரி. ரீடிங்குக்கு 4ஜியின் மெதுவான கேட் 1 வகையே தாராளம். பழைய மோடத்தை மாற்றும்போது பலர் ஆன்டெனாவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது 900க்கும் 1800க்கும் செய்யப்பட்டது. இங்கே 4ஜி 850, 2100, 2300 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. புது மோடம் பழைய ஆன்டெனாவில் 2300ஐத் தேடித் தவிக்கும், குறை மோடத்தின் மேல் விழும். டெண்டரில் மோடத்தோடு ஆன்டெனாவையும் கேபிளையும் அலைவரிசை குறிப்பிட்டு ஒரே பொருளாகக் கேளுங்கள். கூடவே, சீரியல் போர்ட்டின் பின் அமைப்பு, சப்ளை ஒயரின் கனம், தொலைவிலிருந்து ஃபர்ம்வேரை (மோடத்துக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றும் வசதி மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.